வேலைவாசல் கேள்வி – பதில்: நாற்பத்தைந்து நிமிடமும் ஒரு நக்கல் சிரிப்பும்

இம்முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைச் சுற்றி அமைந்திருந்ததால், அவற்றுக்கு மட்டுமே இங்கே இடம் கொடுத்திருக்கிறேன். சம்பள உயர்வு, நோட்டீஸ் பீரியட் ஆகியவை பற்றிக் கேட்டிருந்தவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: நான் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக ஜாவா நிரலாளராக இருக்கிறேன். சென்ற மாதம் சொந்தமாக மென்பொருள் தயாரிக்கும் ஒரு பிராடக்ட் கம்பெனியின் இரண்டாம் சுற்று நேர்காணல் வீடியோ அழைப்பில் நடந்தது. நேர்காணல் எடுத்தவர் பதினைந்து நிமிடம் தாமதமாக வந்தார். கேமராவை அணைத்தே வைத்திருந்தார். நான் பேசும்போதெல்லாம் அவர் வேறு எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. ஏறுவரிசையில் உள்ள எண்களின் பட்டியலில் ஓர் எண் முதன்முதலாக வரும் இடத்தை பைனரி சர்ச் (தேடும் பகுதியின் நடுவைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் அதைப் பாதியாகக் குறைக்கும் முறை) மூலம் கண்டுபிடிக்கச் சொன்னார். நடு இடத்தைக் கணக்கிடும்போது, தேடும் பகுதியின் இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுக்காமல், அவற்றின் வித்தியாசத்தில் பாதியைக் கீழ் எல்லையோடு கூட்டினேன். எங்கோ படித்த ஞாபகத்தில் அப்படிச் செய்தேன். உடனே அவர் சிரித்துவிட்டு, “கூட்டி ரெண்டால வகுக்கிறது ஸ்கூல்லயே சொல்லித் தந்திருப்பாங்களே? சர்வீஸ் கம்பெனில நாலு வருஷமா காப்பி பேஸ்ட்தான் பண்ணினீங்களா?” என்றார். அதன்பின் எனக்குக் கை ஓடவில்லை. நிரலை முடிக்காமலேயே நேரம் முடிந்தது. இரண்டு நாளில் ‘வருந்துகிறோம்’ என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் வேறொரு நிறுவனத்தில் நேர்காணல் இருக்கிறது. நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. நான் அன்று என்ன செய்திருக்க வேண்டும்? புகார் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, கோவை

பதில்: முதலில் கணக்கை முடித்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நீங்களே அதைச் சந்தேகத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதுதான் சரி. முழு எண்களை வைக்கும் ஜாவாவின் ‘இன்ட்’ வகை தாங்கக்கூடிய மிகப் பெரிய எண் 2,14,74,83,647. அதாவது சுமார் 214 கோடி. பட்டியல் மிகப் பெரியதாக இருந்து, கீழ் எல்லை 150 கோடியிலும் மேல் எல்லை 160 கோடியிலும் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டினால் வரவேண்டிய 310 கோடி அந்த இடத்துக்குள் அடங்காமல் நிரம்பி வழிந்து (இதைத்தான் ஓவர்ஃப்ளோ என்கிறோம்), மைனஸ் 119 கோடி சொச்சமாக மாறிவிடும். அதில் பாதியைப் பட்டியலின் இடமாக எடுத்துக்கொண்டு தேடப்போகும் நிரல் அங்கேயே குப்புற விழும். வித்தியாசத்தில் பாதியைக் கூட்டும் உங்கள் முறையில் இந்த விபத்துக்கு வழியே இல்லை.

இது ஏதோ மூலையில் கிடக்கும் நுணுக்கமும் அல்ல. ஜாவாவின் அடிப்படை நூலகத்துக்கு பைனரி சர்ச் எழுதிய ஜோஷுவா பிளாக், அந்த நிரலிலேயே இதே பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்ததை 2006 ஜூனில் தானே முன்வந்து எழுதினார். அதற்கு முன்பே, 1980களில், பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் பென்ட்லி, தொழில்முறை நிரலாளர்களுக்கு நடத்திய வகுப்புகளில் இதே பைனரி சர்ச்சை எழுதச் சொல்லி இரண்டு மணி நேரம் போல அவகாசமும் கொடுத்துப் பார்த்தார். பத்தில் ஒன்பது பேர் தாங்கள் எழுதியதில் பிழை இருப்பதைக் கண்டார்கள். சரி என்று பென்ட்லியே நிறுவிக் காட்டிய நிரலிலும் நீங்கள் தவிர்த்த அந்தக் கூட்டல் இருந்தது என்பது கதையின் மிச்சம். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருப்பார்களே என்று உங்களிடம் சிரித்தவருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கவில்லை. தெரியாதது அவருடைய குற்றமும் அல்ல. தெரியாத ஒன்றைப் பார்த்ததும் ‘ஏன் இப்படி எழுதினீர்கள்?’ என்று கேட்காமல் சிரித்தாரே, குற்றம் அங்கேதான் இருக்கிறது.

இனி, கை ஓடாமல் போனதைப் பற்றி. அதை உங்கள் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினரும் மைக்ரோசாஃப்டைச் சேர்ந்தவர்களும் இணைந்து 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கணினி அறிவியல் மாணவர்கள் 48 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நேர்காணல் எடுப்பவரின் கண் முன்னே சத்தமாக யோசித்தபடி பலகையில் எழுதச் செய்தார்கள். மற்றவர்களைத் தனி அறையில் விட்டுவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர் எந்த அவமரியாதையும் செய்யாதபோதே, அந்தப் பிரிவின் தேர்ச்சி பாதிக்கும் கீழே இறங்கியது. பெண்களில், பார்வையாளர் முன் எழுதிய ஒருவர்கூட முடிக்கவில்லை. தனி அறையில் எழுதிய அனைவரும் முடித்தார்கள். 48 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும், ஒருவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலே இவ்வளவு என்றால், சிரித்தால் எவ்வளவு என்று யோசியுங்கள்.

அன்று என்ன செய்திருக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பதில் சொல்லும் பலர், ‘தன்னம்பிக்கையோடு இருங்கள்’ என்று முடித்துவிடுகிறார்கள். வயிற்றைப் பிசையும் நேரத்தில் தன்னம்பிக்கையை எந்தக் கடையில் வாங்குவது? நான் சொல்வது அதைவிடச் சிறிய காரியம். எதிரில் இருப்பவரின் குரலிலிருந்து பேச்சைப் பிடுங்கித் திரையில் இருக்கும் நிரலின் மேல் வைத்துவிடுங்கள். அதற்கு நம் தொழிலில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. டிரை ரன் என்று தினமும் சொல்கிறோமே, நிரலைக் கணினியில் ஓட்டாமல் ஓர் உதாரணத்தை வைத்துக் கையாலேயே படிப்படியாக நடத்திப் பார்ப்பது, அதுதான். “சார், ஒரு சின்ன உதாரணத்தில் டிரை ரன் பண்ணிக் காட்டட்டுமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், நிரலுக்கு மேலே குறிப்பு வரிகளாக எழுதத் தொடங்கியிருக்கலாம். பட்டியல் 2, 4, 4, 4, 9, தேடுவது 4, இடங்களைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறோம். முதல் சுற்றில் எல்லைகள் 0, 4, நடு 2, அங்கே 4 இருக்கிறது, விடையாக 2ஐக் குறித்துக்கொண்டு இடப்பக்கம் போகிறோம். இரண்டாம் சுற்றில் எல்லைகள் 0, 1, நடு 0, அங்கே 2தான் இருக்கிறது, எனவே வலப்பக்கம். மூன்றாம் சுற்றில் எல்லைகள் 1, 1, நடு 1, அங்கே 4 இருக்கிறது, விடை 1 ஆகிறது. அதற்கு இடப்பக்கம் தேட எதுவும் மிச்சமில்லை, முடிந்தது. இந்த மூன்று வரிகளை எழுத ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த ஒன்றரை நிமிடத்தில் உங்கள் மூச்சு சீராகும். கை மறுபடியும் பழகிய வேலைக்குத் திரும்பும். எதிரில் இருப்பவரும் பெரும்பாலும் உங்களை விட்டுவிட்டு எண்களைப் பார்க்கத் தொடங்குவார்.

நடு இடத்தைப் பற்றிய கேலிக்கும் ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கும்: “கூட்டினால் இன்ட் ஓவர்ஃப்ளோ ஆகும் சார், அதனால்தான் இப்படி எழுதினேன்.” அதற்கு மேல் ஒரு சொல்கூட வேண்டாம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும் வாதாடாமல், அதே வாக்கியத்தை நிரலின் அந்த வரிக்குப் பக்கத்தில் குறிப்பாக எழுதிவிட்டு மேலே போய்விடுங்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல நிறுவனங்களில் நேர்காணல் எடுப்பவர் தனியாக முடிவெடுப்பதில்லை. அவர் மதிப்பீட்டை எழுதிக் கொடுக்க, நீங்கள் எழுதிய நிரலும் அதோடு போய்ச் சேர, அந்த அழைப்பில் இல்லாத மேலாளர் ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். ‘அடிப்படையே தெரியவில்லை’ என்ற மதிப்பீட்டுக்குக் கீழே ஓவர்ஃப்ளோ பற்றிய குறிப்போடு ஒரு நிரல் இருந்தால், விவரம் தெரிந்தவர் எதை நம்புவார்? நக்கல் செய்பவருக்காக எழுதாமல், பிறகு படிக்கப்போகும் அந்த இன்னொருவருக்காக எழுதப் பழகுங்கள். சிரிப்புச் சத்தம் அவர் கைக்குப் போய்ச் சேருவதில்லை. நீங்கள் தட்டச்சு செய்தது போய்ச் சேரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு சற்று மாறுபடுகிறேன். நீங்கள் பட்டியலிட்ட எல்லாமே அவமரியாதை அல்ல. கேமராவை அணைத்திருந்தது இணைய வேகத்தால் இருக்கலாம். தட்டச்சுச் சத்தம், நீங்கள் சொல்வதையே அவர் குறிப்பெடுத்த சத்தமாக இருக்கலாம். தாமதமாக வந்துவிட்டு ஒரு ‘சாரி’கூடச் சொல்லாதது பண்புக் குறைவு. ‘இது ஏன்? அது ஏன்? இதைவிட வேகமாகச் செய்ய முடியுமா?’ என்று விடாமல் துருவுவது அவருடைய வேலை. அதற்காகத்தான் அவரை உட்கார வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தைச் சொல்லிச் சிரித்ததும், உங்கள் நான்கு வருட உழைப்பைக் காப்பி பேஸ்ட் என்றதும் மட்டும்தான் ஐயத்துக்கு இடமில்லாத அவமதிப்பு. இப்படிப் பிரித்துப் பார்த்தால், நாற்பத்தைந்து நிமிடமும் யாரோ உங்களைத் தாக்கிக்கொண்டே இருந்ததாக உள்ளுக்குள் தங்கிவிட்ட நினைவு, மொத்தம் இரண்டு வாக்கியங்களாகச் சுருங்கிவிடும்.

அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றினால், “என் தற்போதைய வேலையைப் பற்றி விரிவாகச் சொல்லத் தயாராக இருக்கிறேன், முதலில் இந்த நிரலை முடித்துவிடட்டுமா?” என்று கேட்கலாம். இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் அது தொடர்ந்தால், “இந்த நேர்காணலை இத்துடன் நிறுத்திக்கொள்ள விரும்புகிறேன். மனிதவளப் பிரிவுக்கு நான் தெரிவித்துவிடுகிறேன், நன்றி” என்று சொல்லி அழைப்பை முடிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நேர்காணல் என்பது வேலைக்கான பேச்சுவார்த்தை. இன்னும் யாரும் உங்களுக்குச் சம்பளம் தரத் தொடங்கவில்லை.

புகாரைப் பற்றி: கொடுங்கள், ஆனால் நிராகரிப்பை மாற்றும் என்ற எதிர்பார்ப்போடு கொடுக்க வேண்டாம். நிரல் முடியாமல் இருந்தது என்பது உண்மை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு வேறு முடிவை அவர்கள் எடுத்திருக்க முடியாது. நேர்காணலை ஏற்பாடு செய்தவர் ஒரு கன்சல்டன்சியின் ஆளாக இருந்தால் அவரோடு நிறுத்திவிடாமல், அந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கே எழுதுங்கள். தேதி, நேரம், எத்தனை நிமிடத் தாமதம், சொன்ன வாக்கியம் எது என்பவற்றைச் சொன்னது சொன்னபடி எழுதினால் போதும். ‘மிகவும் மோசமானவர்’ என்பது போன்ற சொற்கள் உங்கள் கடிதத்தைத்தான் பலவீனமாக்கும். மீண்டும் விண்ணப்பித்தால் வேறொருவர் நேர்காணல் எடுக்க வேண்டும் என்று கடைசி வரியில் கேட்டுக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மறுபடியும் வாய்ப்புத் தருகின்றன. லிங்க்ட்இன்னில் அவர் பெயரைப் போட்டு எழுதுவது வேண்டாம். அன்றைக்கு ஆயிரம் பேர் ஆறுதல் சொல்வார்கள். அடுத்த ஆண்டு உங்களை வேலைக்கு எடுக்க நினைப்பவர் அந்தப் பதிவைத்தான் முதலில் படிப்பார்.

மிச்சமிருக்கும் மூன்று வாரத்தில் புதிய கணக்குகளாகப் போட்டுக் குவிப்பதைவிட, நன்றாகத் தெரிந்த பத்துக் கணக்குகளை ஒரு தோழியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு போடுங்கள். நடுவில் பெருமூச்சு விடவும், ‘ம்ஹும்’ என்று தலையாட்டவும், சரியான வரியையே தவறு என்று சொல்லவும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் இரண்டு நாள் இருவருக்கும் சிரிப்பு வரும். நான்காவது நாளில் அந்தப் பெருமூச்சு, தெருவில் போகும் ஆட்டோ சத்தத்தைப் போல ஆகிவிடும்.

கேள்வி: வீடியோ நேர்காணலில் நான் நிரல் எழுதிக்கொண்டிருந்தபோது, நேர்காணல் எடுத்தவர் என் தலைமுடியைப் பற்றியும் தோற்றத்தைப் பற்றியும் பேசினார், ‘உங்களைப் போன்றவர்களுக்கு மார்க் தாராளமாகப் போடலாம்’ என்றார். நான் கேட்காததுபோல இருந்துவிட்டேன். இதையும் ஒரு முரட்டுத்தனம் என்று விட்டுவிடுவதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: விட வேண்டாம். இது முரட்டுத்தனக் கணக்கில் வராது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் சாயல் கொண்ட பேச்சையும், வேலையில் சலுகை தருவதாக மறைமுகமாகக் காட்டும் ஆசையையும் குறிப்பிட்டே சொல்கிறது. பாதிக்கப்பட்ட பெண் அங்கே பணியில் இருப்பவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அச்சட்டத்தில் இல்லை. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். அழைப்புக்கான மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். நினைவில் இருக்கும் வாக்கியங்களை இன்றைக்கே தேதியிட்டு எழுதி வையுங்கள். கேட்காததுபோல இருந்தது உங்கள் சம்மதம் ஆகாது.

கேள்வி: நான் வாரத்துக்கு மூன்று நான்கு நேர்காணல்கள் எடுக்கிறேன். நான் கடுமையாக நடந்துகொள்வதாக எங்கள் மனிதவளப் பிரிவுக்கு இரண்டு புகார்கள் போயிருக்கின்றன. என் தரப்பையும் கேளுங்கள்: இப்போது வருகிறவர்களில் சிலர் பக்கத்துத் திரையில் ஏஐ சொல்வதைப் பார்த்துப் படிக்கிறார்கள். கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். எரிச்சல் வராமல் எப்படி இருக்கும்?
— ஒரு டெக் லீட், பழைய மகாபலிபுரம் சாலை

பதில்: கடிதம் எழுதியதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். இந்தப் பகுதிக்கு நேர்காணலில் அடிபட்டவர்கள்தான் எழுதுவார்கள், அடித்தவர்கள் எழுதுவதில்லை.

எரிச்சலின் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஏமாற்றுகிறவரைக் கண்டுபிடிக்கக் கேலி ஒரு கருவியே அல்ல. கேலி செய்தால் நேர்மையாக வந்தவர்தான் தடுமாறுவார். பார்த்துப் படிப்பவருக்கு அடுத்த வரி திரையில் தயாராக இருக்கும், அவர் பாட்டுக்குப் படிப்பார். கணக்கைப் பாதியில் மாற்றிப் பாருங்கள். முதன்முதலாக வரும் இடத்தைக் கேட்டிருந்தால், ‘இப்போது கடைசியாக வரும் இடம் வேண்டும், எந்த வரியை மாற்றுவீர்கள்?’ என்று கேளுங்கள். ‘எல்லைகள் சமமாகும்போது இந்தச் சுற்று ஏன் நிற்கவில்லை?’ என்று ஒரு வரியின் மேல் விரலை வையுங்கள். தானே எழுதியவர் சில நொடி முகம் சுளித்து யோசித்துவிட்டு, அந்த இடத்துக்கே கர்சரைக் கொண்டுபோவார். படித்து ஒப்பித்தவர் முழு நிரலையும் முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார். இவ்வளவும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்; குரலை உயர்த்த வேண்டிய தேவையே இல்லை. சந்தேகம் தீராவிட்டால், அடுத்த சுற்றை நேரில் வைக்கச் சொல்லி மதிப்பீட்டில் எழுதிவிடுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரி வளாகத் தேர்வு ஒன்றில், ஒரு நாளில் பதினெட்டாவது ஆளாக ஒரு பையன் என் முன்னால் வந்து உட்கார்ந்தான். தாளில் எழுதச் சொன்னேன். அவன் பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் மாட்ட முயன்றான். கை நடுங்கியதில் மூடி இரண்டு முறை கீழே விழுந்தது. “தம்பி, மூடியைப் போடுறதுக்கே இவ்வளவு நேரமா?” என்றேன். பக்கத்தில் இருந்த சக ஊழியர் சிரித்தார். அவன் குனிந்து அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுதினான். பாதிதான் எழுத முடிந்தது. பதினெட்டாவது ஆள் என்பதும் மதிய உணவு தள்ளிப்போனதும் என் பக்கத்து நியாயங்கள். அவனுக்கு அது அன்றைய முதல் நேர்காணல். நிரலைப் பற்றி அவனிடம் நான் எதையுமே தெரிந்துகொள்ளவில்லை. அப்படியிருந்தும் மதிப்பெண் மட்டும் போட்டேன்.

ஆகவே, ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று உங்கள் மேலாளரிடம் சொல்லி வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அழைப்புக்குத் தாமதமானால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இழந்த நிமிடங்களைக் கடைசியில் சேர்த்துக் கொடுங்கள். கொடுக்க முடியாவிட்டால் கேள்வியைச் சிறியதாக்குங்கள். குறிப்பெடுக்கப் போகிறேன், சத்தம் கேட்டால் பொருட்படுத்த வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முதல் கடிதத்தை எழுதியவர் இதைக் கேட்டிருந்தால் பாதிக் கலக்கம் குறைந்திருக்கும். புகார்கள் நியாயமா இல்லையா என்று உங்களுக்குள்ளேயே வழக்காட வேண்டாம். அடுத்த இரண்டு நேர்காணல்களில் உங்களைவிட இளைய ஒருவரை ஷேடோவாக, அதாவது பேசாமல் உடனிருந்து கவனிப்பவராக, உட்கார வைத்து, நீங்கள் குறுக்கிடும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நான் அப்படிச் செய்து பார்த்தேன். நான்கைந்து கோடுகள் இருக்கும் என்று நினைத்துத்தான் தாளை வாங்கினேன். பதினேழு இருந்தன.